எது முந்துகிறதோ அது

பன்னிரண்டு மாதம் அல்லது இருபதாயிரம் கிலோமீட்டர்,
எது முந்துகிறதோ அது.
இந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.
தம்பி சாந்தகுணன் ஒரு முறையும் படிக்கவில்லை.
கையெழுத்துப் போடும்போது அவன் கண்
கிள்ளான் ஷோரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெள்ளி நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

செம்பனை ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
குலையோடு வரும் லோரியை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியை நிறுப்பேன்,
நடுவில் இருப்பதுதான் காசு.
கழித்தே பழகிய கண்
உத்தரவாதப் புத்தகத்தையும்
கழித்துத்தான் பார்த்தது.

எஞ்சின் உண்டு.
கியர்பெட்டி உண்டு, அதன் எண்ணெய் கிடையாது.
ஏர்கான் உண்டு, கேஸ் கிடையாது.
பிரேக் கட்டை, பேட்டரி, வைப்பர், டயர்
தேய்வதற்கென்றே பிறந்தவை,
அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை.
பதினான்காம் பக்கத்தின் அடியில்
எறும்பு ஊர்ந்த எழுத்தில்:
ரப்பர் பாகங்கள் இதில் சேராது.
புக்கிட் ரோத்தானில் உட்கார்ந்து இதைப் படிக்கிறேன்.
சிரிப்பு வந்துவிட்டது.

"நூத்து அறுபது இடத்துல சோதிச்ச வண்டிக்கா,
சர்டிபிகேட் பாரு."
பார்த்தேன்.
நூற்று அறுபது கட்டத்திலும் சரி,
ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
முதல் உரிமையாளர் ஒரு பல் டாக்டர் அம்மாவாம்,
நத்தை மாதிரி ஓட்டுவாராம்.
ஓட்டுநர் இருக்கை மட்டும்
ஆறடி ஆளுக்கு அளவாய்
கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது.

ஏழு வருடக் கடன்.
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
அந்தத் தாளில் மாத வரம்பும் இல்லை,
கிலோமீட்டர் வரம்பும் இல்லை.

பதினோராம் மாதம், யோகமலர் கல்யாணம்.
பெண்ணை அழைத்துவரக் கார் கேட்டார்கள்.
கூலிக்கு ஓட்டினால் உத்தரவாதம் ரத்து,
ஒன்பதாம் விதி என்றேன்.
"கூலியா? எண்ணெய்க்காசு கவருல வச்சுக் குடுப்பாங்க.
திருப்பி வர்ற மொய்னு வச்சுக்க" என்றான்.
பானெட்டில் மல்லிகைச் சரம் போர்த்தி
சபாக் பெர்ணம் போய்வந்தான்.
போகவர நூற்று நாற்பது.

மறு வெள்ளி,
சாலை விளக்குச் சந்திப்பில்
மூன்றாம் கியரிலிருந்து கார் இறங்க மறுத்தது.
பின்னால் நின்ற லோரிக்காரன்
ஹாரன் அடிக்காமல் இறங்கிவந்து பார்த்தானாம்.
இவ்வளவு விலைக் காருக்குக் கொடுத்த மரியாதை.

சர்வீஸ் சென்டர் பையன் நல்ல பையன்தான்.
மீட்டர் எண்பத்திரண்டாயிரத்து மூன்று.
வாங்கிய அன்று
அறுபத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு.
கழித்தான்.
என் தொழிலை என் எதிரிலேயே செய்தான்.
இருபதாயிரத்து நூற்று முப்பத்தொன்று.
"மாசம் இன்னும் பாக்கி இருக்கு அக்கா,
ஆனா கிலோமீட்டர் முந்திருச்சு."

நான் மனசுக்குள் இன்னொன்று கழித்தேன்.
கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்
ஒன்பது கிலோமீட்டர் மிச்சம்.
சாந்தகுணனிடம் சொல்லவில்லை.
யோகமலரிடம் எப்படியும் சொல்ல முடியாது.

பதினெட்டாயிரம் ரிங்கிட், உழைப்புக்கூலி தனி.
"அப்புறம் பாக்கலாம்" என்று
இழுவை லோரியில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்தான்.
ஆலை வாசலில் ஆள் இல்லாத நேரம்.
மேடைமேல ஏத்தச் சொல்லு என்றேன்.
காரோடு ஒரு எடை,
காரை இறக்கிவிட்டு ஒரு எடை.
நடுவில் இருந்தது
ஆயிரத்து எழுநூற்று எண்பது கிலோ.

சீட்டு அச்சடித்து நீட்டினேன்.
என் முகத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்.
தேதி, நேரம், வண்டி எண், நிகர எடை,
ஒவ்வொன்றாய் உதடு அசைய வாசித்தான்.
அடியில் சின்ன எழுத்து ஏதும் இருக்கிறதா என்று
திருப்பியும் பார்த்தான்.